இறங்கிப் பார்த்தவர்

ரயில் வராத தண்டவாளத்துக்கு முன்னால் தினம் இரண்டு தடவை வண்டியை நிறுத்தின ஒருவரை எனக்குத் தெரியும். நாங்கள் பன்னிரண்டு பெண்கள் நாலு வருஷம் அவருடைய வண்டியில் போய்வந்தோம். பம்பாய் தாராவியில் ஏறி, சயானில் நெரிசலில் ஊர்ந்து, செம்பூரைத் தாண்டினால் மாகுல் பக்கம் ஒரு மருந்து கொடோன். அட்டைப்பெட்டிகளில் மருந்து அடுக்கி ஒட்டுகிற வேலை. கொடோன்காரர்கள் எங்களைக் கொண்டுபோய் விட ஒரு டெம்போ டிராவலரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்கு அவர் டிரைவர். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், திருநெல்வேலி முஸ்லிம். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாய் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கொடோனுக்குப் போகிற ரோட்டின் குறுக்கே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போகும். எப்போதோ தொழிற்சாலைகளுக்குச் சரக்கு கொண்டுபோகப் போட்ட லைன். கேட் கிடையாது, கேட்மேன் கிடையாது. துருப்பிடித்த போர்டு ஒன்று உண்டு, அதில் எழுதியிருந்ததெல்லாம் வெயிலிலும் மழையிலும் போய்விட்டது. தண்டவாளத்துக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல். ஓரத்துக் குடிசைக்காரர்கள் அந்த இரும்பின் மேல் பாயும் கம்பளியும் காயப்போடுவார்கள், ஆடுகள் படுத்திருக்கும். நாலு வருஷத்தில் அதில் கூட்ஸ் வண்டி வந்து நான் பார்த்தது மூன்று தடவை இருக்கும். அதுவும் மனுஷன் நடக்கிற வேகத்தில் வரும்.

அந்த இடத்தில் பாய் வண்டியை நிறுத்துவார். சும்மா வேகம் குறைத்து எட்டிப் பார்ப்பது இல்லை. முழுக்க நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் இறங்க வேண்டும்.

முன்சீட் எனக்குக் கிடைத்தது வாந்தியால். பின்னால் உட்கார்ந்தால் சயான் தாண்டுவதற்குள் குடலைப் புரட்டிவிடும். முதல் வாரமே இரண்டு பேர் சேலையைக் கெடுத்தேன். அதனால் எல்லோரும் சேர்ந்து என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஜன்னலோரக் காற்று, கால் நீட்ட இடம், கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்டவாளம் வந்ததும்தான் அந்த சீட்டுக்கு ஒரு டியூட்டி இருக்கிறது என்று தெரிந்தது. இறங்கி, முன்னால் நடந்து, தண்டவாளத்தின் மேல் போய் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, கையைத் தூக்க வேண்டும். கை தூக்கினால்தான் அவர் வண்டியை எடுப்பார். நான் முன்னால் நடக்க வண்டி பின்னால் ஊர்ந்து வரும். அந்தப் பக்கம் போனதும் ஏறிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் நான் இறங்கி நாலடி வைத்து, நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினேன். வண்டி அசையவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கோபமே இல்லாமல் சொன்னார்.

“தண்டவாளத்துல போய் நில்லு பிள்ள. இந்தப் பக்கம் கொடோன் செவரு மறைக்கி. அங்க நின்னாத்தான் ரெண்டு பக்கமும் தெரியும்.”

உண்மைதான். இடது பக்கம் ஒரு நீளமான காம்பவுண்டு சுவர் தண்டவாளத்தை நெருங்கி வந்து, அதை ஒட்டியே திரும்பிப் போகும். இரும்பின் மேலேயே போய் நின்றால் ஒழிய அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. நான் போய் நின்றேன், பார்த்தேன். வலது பக்கம் ஒரு ஆடு, இடது பக்கம் ஒன்றுமில்லை. கையைத் தூக்கினேன். வண்டிக்குள் பதினோரு பேரும் கைதட்டினார்கள்.

எங்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. வண்டி நின்றதும் பேச்சியக்கா பின்னாலிருந்து, “பாய் ஸ்டேஷன் வந்தாச்சு, இறங்குறவங்க இறங்கலாம்” என்பாள். பேச்சியக்காதான் எங்களில் மூத்தவள், வாய்க்காரி. டீ வாங்கி வரட்டுமா, பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தாச்சா என்று ஆளாளுக்கு ஆரம்பிப்பார்கள். பாய் சிரிப்பார். அவர் சிரிப்பு மீசைக்குள்ளேயே முடிந்துவிடும். கண் மட்டும் என் கையின் மேல் இருக்கும்.

இது அவருடைய கிறுக்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரு நாள் கேட்டேவிட்டேன், இதெல்லாம் யார் சொல்லி வைத்தது என்று. சட்டம் என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தில் நூற்று முப்பத்தியோராவது பிரிவு. கேட்மேன் இல்லாத ரயில் பாதையில் டிரைவர் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். கூட கண்டக்டர், கிளீனர் என்று ஆள் இருந்தால் அந்த ஆளை இறக்கி, ரயிலோ டிராலியோ வரவில்லை என்று பார்த்து, வண்டியை முன்னால் நின்று நடத்திக் கொண்டுபோகச் செய்யவேண்டும். ஆள் இல்லையென்றால் டிரைவரே இறங்கிப் பார்க்கவேண்டும். மனப்பாடமாகச் சொன்னார். லைசென்ஸ் எடுத்தபோது படித்ததாம். கண்டக்டர், கிளீனர் என்று போட்டிருப்பது எனக்கு எப்படிப் பொருந்தும் என்று மடக்கினேன். வண்டிக்குள் இருக்கிற வேறு யாரானாலும் என்றும் போட்டிருக்கிறது என்றார். பேச்சியக்கா பின்னாலிருந்து, டிராலி என்றால் கடையில் சாமான் வைத்துத் தள்ளுவோமே அதுவா என்று கேட்டாள். வண்டியே குலுங்கிச் சிரித்தது. ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தைச் சோதனை பண்ண ஒரு பலகை வண்டி வைத்திருப்பார்கள், மேலே அதிகாரி உட்கார்ந்திருப்பார், பின்னால் ஆட்கள் ஓடிக்கொண்டே தள்ளுவார்கள், அதற்குச் சத்தமே இருக்காது என்று அவர் விளக்கிச் சொன்னார். சிரிப்பில் யாரும் காது கொடுக்கவில்லை.

பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடித்தே எங்கள் காதைக் கிழிப்பார்கள். திட்டும் விழும், அம்மா அக்காவையெல்லாம் இழுத்து, பம்பாய்க்கே உரிய திட்டு. பாய் ஒரு நாளும் திரும்பித் திட்டியதில்லை. ஒரு தடவை டிராஃபிக் கான்ஸ்டபிள் ஒருவர் பைக்கில் வந்து மாட்டிக்கொண்டார். வண்டி ரிப்பேரா, ரோட்டை ஏன் அடைக்கிறாய் என்று ஜன்னலைத் தட்டினார். பாய் இறங்கி நின்று, தன்னுடைய ஹிந்தியில் அந்தப் பிரிவைச் சொன்னார். கான்ஸ்டபிள் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, சரி சரி, ஆனால் ஜல்தி எடு, எனக்கு டியூட்டிக்கு நேரமாகிறது என்றார். அப்போதும் நான் தண்டவாளத்தில் ஏறிக் கையைத் தூக்கின பிறகுதான் வண்டி நகர்ந்தது. கான்ஸ்டபிள் எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒரு மனுஷன் இப்படி இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் என்பது எங்கள் முடிவு. ஊரில் ஒரு ஆக்ஸிடென்டில் ஆளைக் கொன்றுவிட்டார், அதிலிருந்துதான் இந்தப் பயம் என்றாள் ஒருத்தி. இல்லை, அவர் தம்பி ரயிலில் அடிபட்டான் என்றாள் இன்னொருத்தி. பேச்சியக்கா ஒரு படி மேலே போய் முதல் சம்சாரம் என்று ஒரு கதையே கட்டினாள். இது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. சாயங்காலம் கிளம்பும்போது, இருபத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு கோழிகூட என் சக்கரத்தில் விழுந்ததில்லை, சம்சாரமும் ஒன்றுதான், வடாலாவில் ஒற்றை ரூம் கோலியில் இருக்கிறாள், வேண்டுமென்றால் வந்து பாருங்கள் என்றார். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. காரணமே இல்லாமல் ஒருவர் ஒழுங்காக இருப்பதை எங்களால் தாங்க முடியவில்லை.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. நாங்கள் பார்க்கிறோம் என்பதற்காகத்தான் இந்தச் சட்டமெல்லாம், தனியாக இருந்தால் மனுஷன் பறப்பார் என்று. ஒரு மத்தியானம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு நடந்தே வந்துகொண்டிருந்தேன். தண்டவாளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மரத்தடியில் ஆட்டோவுக்காக நின்றேன். பாய் வண்டி வந்தது, காலி வண்டி. பெட்ரோல் பம்புக்குப் போய்விட்டுத் திரும்புகிறார் போல. ரோட்டில் வேறு வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. வண்டி நின்றது. கதவு திறந்தது. அவருக்கு வலது முழங்காலில் வலி உண்டு, இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். அப்படி நின்று, இறங்கி, தாங்கித் தாங்கி நடந்து தண்டவாளத்தின் மேல் ஏறி நின்று இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். திரும்ப நடந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு ஏறினார். என்னை அவர் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். வந்தது பயம்தான். இந்த ஆளிடம் எதுவும் நடக்காது, எதைச் சொல்லியும் மாற்ற முடியாது என்று ஒரு பயம்.

மாற்றவேண்டிய அவசியம் எங்களுக்கு இருந்தது. கொடோனில் விரல் வைக்கிற மிஷின் வந்திருந்தது. ஒரு நிமிஷம் பிந்தினாலும் லேட் மார்க். மூன்று லேட் மார்க் விழுந்தால் அரை நாள் போச்சு. சயானிலும் குர்லா ரோட்டிலும் நாற்பது நிமிஷம் நிற்பதைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம், அதைத் திட்ட ஆள் இல்லை. தண்டவாளத்தில் நிற்கிற இரண்டு நிமிஷத்துக்கு மட்டும் ஆள் இருந்தது. எல்லோருக்கும் உடம்பு ஓய்ந்துபோயிருந்த காலம் அது. காலையில் எழுந்து, குழாயில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, நாள் முழுக்க நின்று வேலை செய்து, மறுபடி போய்ச் சமைத்து. ஓய்ந்துபோனவர்களுக்கு யார் மேலாவது எரிச்சல் வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கைக்கெட்டின தூரத்தில் பாய் இருந்தார்.

சிரிப்பு குறைந்தது, முணுமுணுப்பு வந்தது. வண்டி நின்றதும் ஒருத்தி ‘ச்’ என்பாள். ஒருத்தி பெருமூச்சு விடுவாள். பேச்சியக்கா ஸ்டேஷன் கதையெல்லாம் விட்டுவிட்டு, எங்க வயித்துல அடிக்காதீங்க பாய் என்று நேராகவே சொல்ல ஆரம்பித்தாள். பிறகு ஒரு நாள் ஒரு காகிதத்தில் எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்தோம், டிரைவர் வீணாக வண்டியை நிறுத்தித் தாமதம் பண்ணுகிறார் என்று. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து நாலாவது.

சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் பாய் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். எங்கள் மேல் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, இனிமேல் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பினால் யாருக்கும் லேட் ஆகாது என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிற நேரம். அதை விட்டால் நாளைக்குத்தான். பாதிப் பேர் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், வண்டி காத்துக்கிடந்தது, அன்றைக்கும் லேட். அதற்கும் அவரைத்தான் திட்டினோம். நாலு நாளில் பழைய நேரத்துக்கே வந்துவிட்டார். சூப்பர்வைசர் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இன்னொரு புகார் வந்தால் இந்த டிரிப் வேறு வண்டிக்குப் போய்விடும் என்று. இதைப் பாயே முன்சீட்டில் இருந்த என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, இந்த வயதில் வேறு டிரிப் எங்கே கிடைக்கும், முழங்கால் வேறு இப்படி என்றார். அவர் தன்னைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தண்டவாளம் வந்தது. நிறுத்தினார். நான் இறங்கினேன்.

அப்புறம் அந்த ஜூலை மாதக் காலை. மூன்று நாளாக விடாத மழை. சயானில் முழங்கால் அளவு தண்ணீர், ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தோம். செம்பூரில் மோனோரயில் தூணுக்கடியில் இன்னும் கொஞ்ச நேரம். எட்டு பேருக்கு அந்த மாதம் ஏற்கனவே இரண்டு லேட் மார்க் விழுந்திருந்தது, எனக்கும்தான். தண்டவாளத்துக்கு வந்தபோது விரல் வைக்கிற நேரம் முடிய ஏழு நிமிஷம் இருந்தது. பாய் நிறுத்தினார். நியூட்ரல், ஹேண்ட் பிரேக். வழக்கமாக என்னைத் திரும்பிப் பார்க்கிறவர் அன்றைக்குக் கண்ணாடிக்கு நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன். கணுக்காலுக்கு மேல் சாக்கடைத் தண்ணீர் ஓடியது. சுவர் முனை வரைக்கும் போனேன். தண்டவாளம் அங்கிருந்து ஐந்தாறு அடிதான். நடுவில் ஒரு பள்ளம், அதில் தண்ணீர் இன்னும் ஆழம். வலது பக்கம் தெரிந்தது, காலி. இடது பக்கம் சுவர். இந்த மழையில் எந்த ரயில் வரப்போகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், எதுவுமே நினைக்கவில்லை. கால் வலித்தது. அங்கேயே நின்று கையைத் தூக்கினேன்.

வண்டி வந்தது. என்னைத் தாண்டி முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறியபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டிராலி வந்தது. அவர் சொன்ன மாதிரியே சத்தமில்லாமல் வந்தது. மழைக்கோட்டு போட்ட ஒரு அதிகாரி மேலே உட்கார்ந்திருந்தார், தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர். தண்ணீர் தேங்கின இடங்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள். தள்ளினவர்களில் ஒருவர் குதித்துவிட்டார், அதிகாரியும் சாய்ந்து விழுந்து தப்பித்தார். இன்னொருவரின் கால் பலகைக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இப்போதும் யாராவது சுள்ளி ஒடித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

பாய்தான் முதலில் இறங்கினார். அந்த ஆளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தார், ஆம்புலன்ஸ் வரும்வரை. பிறகு போலீஸ் வந்தது. அதிகாரி சத்தம் போட்டார், யார் பார்த்தது, யார் பார்த்து வண்டியை விட்டது என்று. குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பேச்சியக்கா என்னைப் பார்த்தாள். பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

பாய் ஹிந்தியில் சொன்னார், “டிரைவர் நான். பொறுப்பு என்னுடையது. எழுதிக்கொள்ளுங்கள்.”

அவர் அப்போதே சட்டத்தைச் சொல்லியிருக்கலாம். நான் நிறுத்தினேன், ஆளை இறக்கினேன், அந்தப் பெண் கை காட்டினாள், நான் எடுத்தேன் என்று. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த சட்டம். பன்னிரண்டு சாட்சிகள் இருந்தோம். அவர் சொல்லவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களை சூப்பர்வைசர் வந்து நடத்தியே கொடோனுக்கு அழைத்துப்போனார். அன்றைக்கு யாருக்கும் லேட் மார்க் போடவில்லை.

டிரிப் வேறு வண்டிக்குப் போயிற்று. புது டிரைவர் இளவயது, காதில் ஒரு வயரை மாட்டிக்கொண்டு ஓட்டுவான், தண்டவாளத்தை ஸ்பீட் பிரேக்கர் மாதிரி ஏறி இறங்கிப் போய்விடுவான். ஒரு நிமிஷம் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். அதன்பிறகு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடந்திருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன். பாய் மேல் கேஸ் நடந்தது, அபராதம் கட்டினார், சில மாதம் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கால் உடைந்தவர் குணமாகி வேலைக்குத் திரும்பினார். அவரை ஆஸ்பத்திரியில் பாய் வாராவாரம் போய்ப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன்.

நான் போய்ப் பார்க்க ஒரு வருஷம் ஆயிற்று. நடுவில் கொடோன் வேலையை விட்டுவிட்டு காட்கோபரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருந்தேன். அந்த ரோட்டை விட்டால் சரியாகிவிடும் என்று பார்த்தேன். சரியாகவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டே நிற்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வடாலாவில் இறங்கி, அவர் கோலியை விசாரித்துக்கொண்டு போனேன். அவர் மனைவி வா பிள்ள என்று உள்ளே கூப்பிட்டு, யார் எவர் என்று கேட்பதற்கு முன்னாலேயே டீ போட உட்கார்ந்துவிட்டார். பாய் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மீசை முழுக்க வெளுத்திருந்தது. வாந்தி இன்னும் வருதா என்று கேட்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு நான் தண்டவாளத்துக்குப் போகவில்லை பாய், சுவர் முனையிலேயே நின்று கையைத் தூக்கிவிட்டேன், உங்கள் வேலை என்னால்தான் போச்சு என்று ஒரே மூச்சில் சொன்னேன். அழுகை வந்தது. அவர் திட்டுவார் என்று நினைத்தேன், அல்லது போகட்டும் விடு என்பார் என்று. இரண்டில் எது வந்தாலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

“தெரியும்” என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரு சொல்லணும்? எனக்குக் கண்ணு இருக்குல்லா. ஒன் குடை செவத்து முக்குல நிக்கி. தண்டவாளத்துல நிக்கல. பாத்தேன்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பார்த்துமா எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“எல்லாரும் மணி பாத்துக்கிட்டு இருந்தாவ. கண்ணாடியில தெரிஞ்சுது. ஒன்னைய திரும்பவும் போகச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா பின்னாடி இருந்து அந்த ‘ச்’ வரும். எனக்கு அன்னைக்கு அத கேக்கத் தெம்பு இல்ல, பிள்ள. ஒரு நாள்தானேன்னு எடுத்துட்டேன்.”

அதனால்தான் அன்றைக்கு என் பெயரைச் சொல்லவில்லையா என்றேன். உன் பெயர் எதற்கு, நீ பார்க்கவில்லை என்று தெரிந்தே எடுத்தவன் நான்தானே என்றார். லைசென்ஸ் திரும்பி வந்து நாலு மாதமாகிறதாம். வண்டி முதலாளியும் இரண்டு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார். இவர் போகவில்லை. ஒரு தடவை எடுத்துவிட்டேன், இனிமேல் என் கையை நானே நம்பமாட்டேன், ஆள் ஏற்றுகிற வண்டி எனக்கு வேண்டாம் என்றார். இப்போது பக்கத்தில் ஒரு பில்டிங்கில் வாட்ச்மேன். அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். ஒரு வருஷமாக என் ஒரு கையைத்தான் நான் பழி சொல்லிக்கொண்டிருந்தேன், அது சின்னக் கணக்கு. நாலு வருஷம் தினம் இரண்டு தடவை நாங்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து சிரித்து, முணுமுணுத்து, கடைசியில் அந்த மனுஷனை ஒரே ஒரு நாள் எங்களைப்போல ஆக்கிவிட்டோம். அந்த ஒரு நாளுக்காக அவர் வண்டியையே விட்டார். நாங்கள் மறுநாளும் வேலைக்குப் போனோம்.